சாத்தான் கேட்ட கேள்வி

விவிலியத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டவன் சாத்தான். யோபு நூலின் முதல் அதிகாரத்தில், ஊசு நாட்டு யோபுவைப் போல ஒரு நல்லவன் உண்டா என்று கடவுள் பெருமையாகச் சொல்கிறார். சாத்தான் திருப்பிக் கேட்கிறான்: அவன் என்ன சும்மாவா உமக்கு அஞ்சி நடக்கிறான்? சுற்றிலும் வேலி போட்டுக் காக்கிறீர், மந்தையைப் பெருக்கித் தருகிறீர். கொடுப்பதை நிறுத்திப் பாரும், முகத்துக்கு நேரே உம்மைப் பழிப்பான். கடவுள் அனுமதிக்கிறார்; யோபு மந்தையையும் பத்துப் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழக்கிறான்.

கெட்டவன் வாயிலிருந்து வந்தாலும் நேர்மையான கேள்விதான். கூலி இல்லாமல் ஒரு மனிதன் கடவுளை நேசிப்பானா? கடவுளை விடுங்கள், இன்னொரு மனிதரையாவது நேசிப்பானா? சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு விளக்கம் சொல்லும் நூல் யோபு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். 42 அதிகாரங்களையும் வாசித்துப் பாருங்கள், அந்த விளக்கம் எங்கேயும் இல்லை. கடைசியில் புயலுக்குள்ளிருந்து கடவுள் பேசும்போதும் காரணம் சொல்வதில்லை. காட்டுக் கழுதை, தீக்கோழி, லிவியத்தான் என்று உயிரினங்களைப் பற்றிப் பேசுகிறார். விளக்கம் தேடி வந்தவருக்கு எரிச்சல்தான் வரும். சாத்தானின் கேள்வியை விசாரிக்கத்தான் இந்த நூல் எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டு வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அன்பு என்று உலகத்தில் உண்மையாக ஒன்று உண்டா, இல்லை எல்லாமே கொடுக்கல் வாங்கல்தானா? வழக்கு அதுதான். பாவம், யோபு அதற்குச் சாட்சியாக இழுத்து வரப்பட்ட ஆள்.

(கடைசி அதிகாரத்தில் யோபுவுக்கு மறுபடியும் பத்துப் பிள்ளைகள் கிடைப்பதாக வரும் பகுதி எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. செத்துப்போன முதல் பத்துப் பேர் என்ன, ஆடு மாடா, எண்ணிக்கை சரியானால் போதும் என்பதற்கு?)

யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நூலில் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அப்புறம் வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லையென்றால் இது வந்திருக்காது என்பதைத்தான் மூவரும் மாறி மாறி, அழகான கவிதையில் சொல்கிறார்கள்.

கொழும்பில் செத்தவீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு எலிப்பாசை நன்றாகத் தெரியும். வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கைக்குள், வாடகைக் கதிரையில், கையில் பிளேன்டீயோடு அவர் உட்கார்ந்திருப்பார். சைவ வீடு என்றால் ஊழ்வினை என்பார். சிங்கள வீடு என்றால் போன பிறப்பின் கருமம். எங்கள் வீடு என்றால் ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களை வேளைக்கே எடுத்துக்கொள்வார். மண்டபம் பிடித்து ஜெபக்கூட்டம் நடத்தும் சில சபைகளின் ஆள் என்றால், விசுவாசம் காணாது, காணிக்கை காணாது என்பார். சமயம் எதுவானாலும் எல்லாருடைய கையிலும் பெட்டிக்கடைக் கடன் கொப்பி மாதிரி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் செய்தது, அந்தப் பக்கம் வந்தது, கீழே ஒரு கோடு, கூட்டுத்தொகை.

வினை என்று சொல்லும் எல்லாரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. தீதும் நன்றும் பிறர்தர வாரா என்று பாடிய கணியன் பூங்குன்றனார், அதே பாட்டில் சிறியோரை இகழ்வதில்லை என்றும் முடிக்கிறார். விழுந்து கிடப்பவனைப் பார்த்து ‘உனக்கு வேண்டியதுதான்’ என்று சொல்ல அந்தப் பாட்டில் இடமே இல்லை. கொப்பியைத் தன் கணக்குக்கு மட்டும் வைத்திருப்பது ஒன்று, அதை அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு எடுத்துக்கொண்டு போவது வேறொன்று.

ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1791இல் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தில் தீமை இருந்தும் கடவுள் நீதியுள்ளவர்தான் என்று வாதாடி நிரூபிக்கப் பார்த்த மெய்யியல் முயற்சிகள் எல்லாமே தோற்றுவிட்டன என்பது அதன் வாதம். அதில் அவர் யோபுவிடம் போகிறார். நண்பர்கள் பேசுவது எப்படி இருக்கிறதென்றால், அதிகாரமுள்ள ஒருவர் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர் மனம் குளிரவேண்டும் என்று பேசுவதுபோல இருக்கிறது என்கிறார். யோபு மட்டும் தான் நினைத்ததை நினைத்தபடி சொன்னான். நூலின் முடிவில் கடவுளும் அதையேதான் சொல்கிறார்: எலிப்பாசு மேல் கோபப்பட்டு, என் ஊழியன் யோபுவைப்போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். தன் பிறந்தநாளைச் சபித்து, கடவுளை வழக்குக்கு இழுத்தவன் சரியாகப் பேசினானாம். கடவுளுக்காகப் பரிந்து பேசியவர்கள் பிழையாகப் பேசினார்களாம். எங்கள் பிரசங்கிகள் இந்த வசனத்தை ஏன் இவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

கணக்குக் கொப்பி என்று பேசத் தொடங்கினால், செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் எங்களையும் சொல்லத்தான் வேண்டும். நேர்த்திக்கடன் என்பதே ஒரு பேரம்தானே. மகனுக்கு வேலை கிடைத்தால் மெழுகுதிரி, விசா வந்தால் அன்னதானம். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், கரையை அரித்துக்கொண்டிருந்த கடலை அந்தோனியோ என்ற குருவானவர் சிலுவை நட்டுச் செபித்துப் பின்வாங்கச் செய்தார், அந்த இடத்தில் எழுந்ததுதான் அந்தோனியார் கோயில் என்பது பாரம்பரியம். கோயிலே ஒரு கேட்டதும் கொடுத்ததும் கதையில்தான் தொடங்குகிறது. இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் என்று எல்லாரும் அங்கே வருகிறார்கள். சீர்திருத்தச் சபை நண்பர் ஒருவர், இது பக்தியில்லை, வியாபாரம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கேட்டது கிடைக்காதவர்களும் அடுத்த செவ்வாய் வருகிறார்கள். எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் ஓர் அக்கா இருந்தார். புருஷனுடைய புற்றுநோய்க்காக நேர்ந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செவ்வாய்க்கிழமை போவதை விடவில்லை. இனி என்ன கேட்கிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். “ஒண்டும் கேக்கிறேல்ல தம்பி, சும்மா போய் இருந்திட்டு வாறன்” என்றார். சாத்தானின் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் இதைவிட நேரானது இல்லை.

அந்தோனியாரைப் பதுவை நகரத்தார் என்று சொல்கிறோம். அவர் பிறந்தது லிஸ்பனில். 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள், லிஸ்பனில் கோயில்கள் நிறையச் சனம். காலைப் பூசை நேரத்தில் பூமி அதிர்ந்தது. இடிபாடு, பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுதிரிகளால் பரவிய நெருப்பு, பின்னாலே கடல். 1710இல் ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ், இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது, அதனால்தான் கடவுள் இதைப் படைத்தார் என்று எழுதியிருந்தார். ஐரோப்பாவில் படித்தவர்கள் பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. லிஸ்பனுக்குப் பிறகு அதை முகம் சுழிக்காமல் சொல்ல முடியாமல் போயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கோயிலுக்குப் போனவன் செத்தான், போகாதவன் பிழைத்தான் என்றால் கொப்பியில் எந்தப் பக்கம் எழுதுவது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, எங்களுக்கும் அதே கேள்வி வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள் என்று தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் சிறுபிள்ளைகள். லிஸ்பனில் பூமி, இங்கே மனிதர்கள், திட்டம் போட்டு, முதுகில் பை சுமந்து வந்தார்கள். அடுத்த வாரங்களில் எலிப்பாசு வீட்டுக்கு வீடு வந்தார். எங்கள் பாவத்துக்குத் தண்டனை என்றார் ஒருவர். கடவுள் நாட்டை உலுக்கி எழுப்பினார் என்றார் இன்னொருவர். பாஸ்கா நாளில் சாவது பாக்கியம் என்றுகூட ஒருவர் சொல்லக் கேட்டேன். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு!

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இதைப் போலவே ஒரு செய்தி இயேசுவிடம் வருகிறது. வழிபாட்டுக்குப் போன கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தை அவர்கள் செலுத்திய பலிகளோடு கலந்துவிட்டான். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்கிறார். அதோடு நிறுத்தாமல், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைத் தானே இழுத்து வந்து, அவர்களும் அப்படியில்லை என்கிறார். மனிதன் செய்த கொலை ஒன்று, கட்டடம் விழுந்த விபத்து ஒன்று. இரண்டிலும் அவர் கொப்பியைத் திறக்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் திறக்கவில்லை. இயேசுவே மறுத்த ஒரு விளக்கத்தை அவர் பெயரால் எப்படிச் சொல்கிறோம் என்பது எனக்குப் பெரிய புதிர்.

கடவுள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், பக்கத்தில் இன்னொரு கேள்வி நின்றது: தடுக்கக்கூடிய மனிதர்கள் ஏன் தடுக்கவில்லை? புலனாய்வு எச்சரிக்கைகள் முன்கூட்டியே கிடைத்திருந்தன. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அன்றைய ஜனாதிபதி உட்பட அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்கள் கடமையில் தவறினார்கள் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி தன் பங்குக்கு மட்டும் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்றது. எல்லாவற்றையும் கடவுளின் மர்மமான திட்டத்தில் போட்டுவிட்டால் இந்தக் கோப்புகளை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தெய்வத்துக்கு விளக்கம் எழுதுவது பல நேரங்களில் மனிதனுக்குத் தப்பிக்கும் வழி வெட்டிக் கொடுப்பதாக முடிகிறது.

இனி அன்பைப் பற்றி. கொழும்பில் பௌத்தர்களுக்கு நடுவில் வாழும் கிறிஸ்தவன் இதைத் தனியாக யோசிக்க முடியாது. உதானம் என்ற பாளி மொழிப் பௌத்த நூலில், புத்தரின் அடியாரான விசாகை என்ற பெண்ணின் கதை வருகிறது. பேரப்பிள்ளை செத்து, ஈரத் துணியும் ஈரத் தலைமயிருமாக அவள் புத்தரிடம் வருகிறாள். சாவத்தி நகரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உனக்கு வேண்டுமா என்று அவர் கேட்கிறார். வேண்டும் என்கிறாள். இந்த நகரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? பத்துப் பேர், ஒன்பது பேர், குறைந்தது ஒருவராவது. அப்படியென்றால் உன் துணி என்றைக்காவது காயுமா? நூறு அன்புக்குரியவர்கள் இருப்பவருக்கு நூறு துன்பம், ஒருவரும் இல்லாதவருக்குத் துன்பமும் இல்லை என்று முடிக்கிறார்.

இதில் கொடுமை எதுவும் இல்லை. மருத்துவர் நோயைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார். உண்மையும்கூட. பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனுக்கும் இதே எண்ணம் வந்தது. இளமையில் உயிர் நண்பனை இழந்தபோது, சாகப்போகிற ஒருவனைச் சாகாதவன்போல நேசித்ததுதான் தன் பிழை என்று பின்னாளில் எழுதினார். 387இல் ஒஸ்தியாவில் தாய் மோனிக்கா இறந்தபோது, அகுஸ்தீனின் மகன் அதெயோதாத்து கதறி அழுதான், சுற்றி நின்றவர்கள் அவனை அடக்கினார்கள். அகுஸ்தீனும் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். விசுவாசி அழலாமா? குளித்துப் பார்த்தார், கவலை கழுவுப்படவில்லை. தூங்கி எழுந்து, தனிமையில், உடைந்து அழுதார். அதை எழுதும்போதும், தாய்க்காகக் கொஞ்ச நேரம் அழுததைப் பாவம் என்று நினைப்பவர் சிரிக்காமல் என் பாவங்களுக்காக அழட்டும் என்று ஒரு மன்னிப்புக் குறிப்புப் போடுகிறார். அவருடைய மெய்யியல் ஒரு பக்கம் இழுக்கிறது, தாய்ப்பாசம் மறுபக்கம். எனக்கு அந்த அகுஸ்தீனைத்தான் பிடிக்கும், ‘அன்பின் ஒழுங்கு’ பற்றி வகுப்பெடுக்கும் அகுஸ்தீனை அவ்வளவாக இல்லை.

செத்துப்போன நண்பன் இலாசரின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார் என்கிறது யோவான் நற்செய்தி. இன்னும் சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறவர் அவர். அது தெரிந்தும் அழுதார். உயிர்ப்பு வரும், ஆகையால் அழவேண்டாம் என்று அவனுடைய சகோதரிகள் மரியாவிடமும் மார்த்தாவிடமும் சொல்லவில்லை. விசாகையின் துணி காயும் வழியைப் புத்தர் காட்டுகிறார். இயேசு தன் துணியையும் நனைத்துக்கொள்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. ஆனால் பிரிகிற பாதை இதுதான் என்று நினைக்கிறேன். அன்பு வைத்தால் துன்பம் வரும் என்பதை இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த விலைக்கு என்ன செய்வது என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

அப்படியென்றால் கடவுளே துன்பப்படுகிறாரா? பழைய இறையியலாளர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். கடவுள் மாறாதவர், பாதிக்கப்படாதவர். பாதிக்கப்பட்டால் அவரும் எங்களைப்போல ஒருவர்தானே? ஆனாலும் 553இல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம், உடலில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர் என்று ஏற்கவேண்டும் என்று சொன்னது. தெய்வத் தன்மையில் துன்பமில்லை, ஆனால் துன்பப்பட்டவர் கடவுள். கத்தி முனையில் நடப்பதுபோன்ற ஒரு வாக்கியம். 20ஆம் நூற்றாண்டு அந்தக் கவனத்தைக் கைவிட்டது, காரணத்தோடுதான். 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பின்னாளில் இறையியலாளரான, அப்போது 17 வயது யூர்கன் மோல்ட்மனுக்குப் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப் போனான். பின்னர் போர்க்கைதியாக இருந்தபோது விவிலியம் கையில் கிடைத்தது. ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று சிலுவையில் கதறியவரிடம் தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்டதாகச் சொன்னார். 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1944 ஜூலையில் நாஸிச் சிறையிலிருந்து ஜெர்மன் போதகர் டீட்ரிக் பொன்ஹோபர், துன்புறும் கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்று எழுதியிருந்தார். அடுத்த ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் இதை ஏற்கவில்லை. நான் சேற்றில் கிடக்கிறேன், கடவுளும் அதே சேற்றில் கிடக்கிறார் என்றால் எனக்கு என்ன லாபம் என்பதுபோல முகத்தில் அடித்தாற்போலக் கேட்டார். நியாயமான கேள்வி. கூட அழ ஆள் வேண்டும், அதோடு கதவைத் திறக்கவும் ஆள் வேண்டும். 2019க்கு முன் நான் முழுதாக மோல்ட்மன் கட்சி. இப்போது அந்தப் பழைய சங்கத்தின் கத்தி முனைதான் பாதுகாப்பாகத் தெரிகிறது. அழிக்கப்பட முடியாதவர், அழிவுக்குள் வந்தார். இரண்டில் ஒன்றை விட்டாலும் செத்தவீட்டில் சொல்ல எதுவும் மிஞ்சாது. கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்து நின்ற இயேசு சுரூபத்தின் படத்தை உலகமே பார்த்தது. அது பாடுபட்ட சுரூபம் அல்ல, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம். யோவான் 20இல் தோமா விரலை இடக் கேட்ட காயங்களும் உயிர்த்த உடலில் இருந்தவைதான். உயிர்ப்பு அவற்றை ஆற்றி மறைக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். துன்பத்தில் கடவுள் இருக்கிறார் என்று சொன்ன உடனே, துன்பமே நல்லது என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக நிற்கும். என் சின்னம்மாவின் புருஷன் குடித்துவிட்டு அடிப்பார். ஒரு நாள் காது கிழிந்து போய், சின்னம்மா ஒரு குருவானவரிடம் போய் அழுதார். “இது உங்கட சிலுவை மகள், ஒப்புக்குடுத்துச் சுமவுங்க” என்று அனுப்பிவைத்தார். சின்னம்மா சுமந்தார், அந்த மனிதர் சாகும் வரைக்கும். குடும்பத்தில் இன்றும் அவரைப் பொறுமைசாலி என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைப் பிரட்டும்.

களனியில் 1974இல் துலானா ஆய்வகத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குருவானவர் அலோசியஸ் பீரிஸ், பௌத்த மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தானாக ஏற்கும் ஏழ்மையும் திணிக்கப்பட்ட ஏழ்மையும் ஒன்றல்ல என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். புத்தரும் இயேசுவும் ஏற்றது முதலாவது. தோட்டத்திலும் சேரியிலும் சனம் கிடப்பது இரண்டாவதில். முதலாவதை ஏற்பவர் இரண்டாவதை ஒழிக்கப் போராடவேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் துறவு நாடகம். இதைத் துன்பத்துக்கும் அப்படியே வைத்துப் பார்க்கலாம். நோயாளியின் பக்கத்தில் உறக்கமில்லாமல் இருப்பது, உண்மை சொல்லி வேலையை இழப்பது, இவை சிலுவை. இயேசு தான் நேசித்த விதத்தால் அதிகாரத்தோடு மோதி ஏற்ற சிலுவையின் சாயல் அவற்றில் இருக்கிறது. புருஷனின் கை சிலுவை அல்ல. அது குற்றம். அதற்குப் பொலிஸ் இருக்கிறது. சிலுவையில் ஆணி அடித்தவனைப் பார்த்து, அவன் செய்ததும் ஒரு திருப்பணி என்று யாராவது சொல்வார்களா?

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் இந்தச் சுமையை உள்ளிருந்து அறிந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்து உடைந்துபோய், 1935இல் போர்த்துக்கல்லில் ஒரு மீனவக் கிராமத்தில் இருந்தபோது, திருநாள் இரவில் மீனவர்களின் மனைவிகள் மெழுகுதிரி ஏந்தி, வள்ளங்களைச் சுற்றி, பழைய சோகப் பாட்டுகளைப் பாடிப் போவதைக் கண்டார். கிறிஸ்தவம் அடிமைகளின் சமயம், அடிமைகள் அதில் சேராமல் இருக்க முடியாது, தானும் அவர்களில் ஒருத்தி என்று அப்போது தோன்றியதாக எழுதினார். தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுல பிரசங்கத்தை ஒப்பாரிபோல இழுத்துப் பாடக் கேட்டவர்களுக்கு அவர் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். கோவாவிலிருந்து வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதியது அது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய வயதான பெண்கள் சிலர் புத்தகம் பார்க்காமலே பாடுவார்கள். அதில் விளக்கம் ஒன்றும் இல்லை, அழுகைதான். அயலவர் அன்பு என்பது முழுமையாகப் பார்த்தால் ‘உனக்கு என்ன செய்கிறது’ என்று ஒருவரிடம் கேட்க முடிவதுதான் என்றும் வெய்ல் எழுதினார். ‘உனக்கு ஏன் இது வந்தது’ என்பது எலிப்பாசின் கேள்வி.

செத்தவீட்டில் உண்மையான இறையியல் செய்பவர்கள் கதிரை அடுக்குகிறவர்களும் தேத்தண்ணி ஊற்றுகிறவர்களும்தான் என்று நான் சொன்னால், படித்த நண்பர்கள் இது உணர்ச்சிவசம் என்பார்கள். சரி, இருக்கட்டும்.

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை நான் இதுவரை தொடாமல் வந்தேன், ஏனென்றால் அதைத் தனியாகக் கேட்டால் உடனே வரவு செலவு ஆகிவிடுகிறது: இந்தத் துன்பத்தால் என்ன கிடைத்தது? டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்ககோர் 1847இல் அன்பின் செயல்களைப் பற்றி எழுதிய நூலில், செத்தவர்களை நினைத்திருப்பதுதான் சுயநலமே இல்லாத அன்பு என்கிறார். அவர்களால் எதையும் திருப்பித் தர முடியாது. நன்றி சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தவும் மாட்டார்கள். இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 2இல் கொழும்பு மாதம்பிட்டி மயானத்துக்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டுபோகிறவர்கள் சாத்தானோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

2025இல் வத்திக்கான், உயிர்த்த ஞாயிறு அன்று கொல்லப்பட்ட 167 கத்தோலிக்கரை விசுவாசத்தின் சாட்சிகள் என்று ஏற்றுக்கொண்டது. முதலில் எனக்கு ஒரு நெருடல். சாவுக்கு அர்த்தம் பூசுகிறோமா? பிறகு, இது காரணம் சொல்வதில்லை, பெயர் சொல்லி நினைப்பது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கனுக்கு இன்னொரு நெருடலும் உண்டு. 1995 ஜூலை 9, யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் தஞ்சமடைந்திருந்த 100க்கும் மேற்பட்டவர்கள் விமானக் குண்டுவீச்சில் செத்தார்கள். அவர்களுக்காகத் தெற்கில் எத்தனை கோயில் மணிகள் அடித்தன? ஒரே திருச்சபை என்கிறோம், அழுகையில் ஒன்றாக இருந்தோமா? பலனை எதிர்பாராத நினைவு என்றால் இனம் பார்த்து நினைப்பது அதில் சேராது. இதைச் சொன்னால் பங்கு மக்களிலேயே சிலருக்குக் கோபம் வரும். 2019 மேயில் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்களே, அந்தக் கொப்பியும் இதே கடையில் வாங்கியதுதான்: உங்கள் ஆள் செய்தான், உங்களிடம் வசூலிக்கிறோம்.

அப்போது நீதி கேட்பதும் கணக்குக் கேட்பதுதானே, அன்பு கணக்கு வைக்காது என்று இவ்வளவு நேரம் சொன்னாயே என்று ஒருவர் மடக்கலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் இதை யாராவது ஒருவர் கேட்கிறார்: மன்னித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்களேன், கிறிஸ்தவர்கள்தானே நீங்கள்? என் கணக்கை நான் கிழித்துப் போடலாம். இன்னொரு தாயின் கணக்கைக் கிழிக்க எனக்கு அதிகாரமில்லை, அரசாங்கத்துக்கு அறவே இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தை எங்கள் கல்யாணங்களில் தவறாமல் வாசிப்பார்கள். அன்பு தீங்கைக் கணக்கு வைக்காது என்ற வரியில் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த வரியில் பவுல், அது அநீதியில் மகிழாது, உண்மையோடு சேர்ந்து மகிழும் என்கிறார். உயர் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் இருந்தார்கள். இரண்டு வரியையும் சேர்த்து வாசித்தவர்கள் அவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.